‘வாழிடப் பொருத்தம்’ வேண்டாம், ‘இடத்தகவு’ எப்படி?

நண்பர்களே, வணக்கம்.

கொழுக்கட்டைப்புல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெயிலும் மழையும் மாறிக்கொண்டே போனால் 2050-இல் அந்தப் புல் எங்கெங்கே வளர முடியும் என்று கணினியில் கணித்து வரைபடம் போடுவார்கள். வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும், அந்த இடம் புல்லுக்கு எவ்வளவு ஏற்றது என்று காட்ட 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு (ஆங்கிலத்தில் habitat suitability). அந்த மதிப்புக்கு என்ன பெயர் வைப்பது? இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

‘வாழிடப் பொருத்தம்’ எனக்கு ஒட்டவில்லை. வாழிடம் என்றாலே ஏற்கெனவே வாழும் இடம். வரைபடமோ புல் எட்டிப்பார்க்காத இடத்துக்கும் 0.8 போடும். இதே புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை தானாக வளர்வது, வறட்சி தாங்கும் தீவனம். 19ஆம் நூற்றாண்டில் ஒட்டகச் சேணங்களில் திணித்த புல்லோடு ஆஸ்திரேலியாவின் உட்பகுதிக்குப் போனதாகச் சொல்வார்கள். அதற்கு முன்பும் அங்கே அதே மண், அதே வெயில். இடம் தயார், புல்தான் இல்லை. அதை எப்படி வாழிடம் என்பது?

‘வளர்தகவு’ அழகான சொல்தான். ஆனால் நிகழ்தகவு பழகிய காதுக்கு அது ‘வளர்வதற்கான நிகழ்தகவு’ என்றே விழும். 0.8 என்றால் பத்து இடத்தில் எட்டில் புல் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் நம் கையில் இருப்பது புல்லைக் கண்ட இடங்களின் பட்டியல் மட்டுமே. தேடியும் காணாத இடங்களை யாரும் குறித்துவைப்பதில்லை. இப்படிப்பட்ட வரைபடம் போட 2006-இல் வெளிவந்து எங்கும் பழக்கமாகிவிட்ட மேக்சென்ட் (Maxent) என்ற கணிப்பு முறைக்கும் அந்தப் பட்டியல்தான் தீனி. அதை வைத்து இந்த இடம் அந்த இடத்தைவிட ஏற்றது என்று சொல்லலாம், அதற்குமேல் இழுக்கக் கூடாது.

அதனால் ‘இடத்தகவு’. தகவு என்றால் தகுதி, பொருத்தம். தகவமைப்பில் ஏற்கெனவே அது இருக்கிறது. முன்னால் வினை இல்லாமல் ‘இடம்’ நிற்பதால் நிகழ்தகவுக் குழப்பம் குறையும் என்று நம்புகிறேன். தகுதி புல்லுடையதல்ல, இடத்துடையது என்பதும் தெளிவாகிறது. ‘பரவல்’ வேண்டாம், நோய்ப்பரவல் போல நகர்வதாகத் தோன்றும்.

‘திணை’ என்றும் ஒரு யோசனை வந்தது. ஆசையாகத்தான் இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள், புல்லும் மரமும் கருப்பொருள். இந்தக் கணிப்புக்கு வழக்கமாக எடுக்கும் 19 தட்பவெப்ப மாறிகளில் மிக வெப்பமான மாதத்தின் உச்ச வெப்பநிலை, மிக வறண்ட காலாண்டின் மழை என்றெல்லாம் வருகிறதே, பெரும்பொழுதுக் கணக்கேதான்! ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. விட்டுவிடலாம்.

சரி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: “இந்தக் கட்டத்தின் இடத்தகவு 2050-இல் 0.3-லிருந்து 0.7 ஆகிறது.” இடறுகிறதா?

எனக்கு ஒரே ஒரு உறுத்தல். தகவு என்பதில் ‘நல்லது’ என்ற சாயல் உண்டு. அரிசோனாவின் பாலைவனத்தில் இதே புல் செழித்து, காய்ந்து, தீயைப் பரப்பி, சகுவாரோ கள்ளிகளைக் கருக்குகிறது. அங்கே புல்லின் இடத்தகவு அதிகம் என்று எழுதினால் பாராட்டுவது போல ஆகிவிடாதா? இந்தச் சாயல் இல்லாத சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அதுவரை கட்டுரையை அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.