அமெரிக்காவில் கப்பல், விமான ரேடியோ பழுதுபார்க்க எஃப்.சி.சி உரிமம் இன்னும் வேண்டுமா?

வானலை (ஃப்ளோரிடா): எங்கள் விமான ரேடியோ பட்டறையில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி தரும் ஜி.ஆர்.ஓ.எல் (கப்பல், விமான ரேடியோவைப் பழுதுபார்க்கும் பொது உரிமம்) கையில் இருக்கிறது. ஆனால் வாட் மீட்டரை எந்த இடத்தில் மாட்டுவது என்று தெரியவில்லை. அவன்மேல் தப்பில்லை, தேர்வு அப்படி. எலிமெண்ட் 1 என்ற விதிகள் தாளில் 24 கேள்விக்கு 18, எலிமெண்ட் 3 என்ற மின்னணுத் தாளில் 100-க்கு 75 சரியாக இருந்தால் உரிமம் வந்துவிடும். கேள்வி, விடை எல்லாம் முன்கூட்டியே வெளியில் கிடைக்கும். நான் எழுதியபோது 2009-ல் வந்த தொகுப்பு. மனப்பாடம் செய்தாலே போதும், சால்டரிங் அயர்னைத் தொட்டிருக்கவே வேண்டாம். இந்த உரிமத்தையே நீக்கிவிடலாம் என்கிறேன்.

துறைமுகத்தான் (ஹூஸ்டன்): ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. ஒரு இழுவைப் படகில் "என் குரல் சரியாகப் போகவில்லை" என்று முதலாளி சொல்ல, உரிமம் இல்லாத ஒருவர் வி.எச்.எஃப் ரேடியோப் பெட்டியைத் திறந்து டீவியேஷனை (பேச்சுக்கு ஏற்ப அலைவரிசை விலகும் அளவை) ஏற்றிவிட்டார். கடல் வி.எச்.எஃப்புக்கு அது 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பேச்சு எதிர்முனையில் உடைந்து உடைந்து விழும், பக்கத்து சேனலிலும் கசியும். சேனல் 13-ல்தான் இரண்டு கப்பல்கள் எந்தப் பக்கமாகக் கடப்பது என்று பேசி முடிவெடுக்கின்றன. ஹூஸ்டன் கால்வாயின் அகலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை புரியாமல் போனால் என்ன ஆகும் என்று தெரியும். பெட்டியை நான் திருப்பிச் சரிசெய்தேன், ஆனால் அதற்குள் எத்தனை நாள் அப்படி ஓடியதோ.

வானலை: அண்ணே, 5 கிலோஹெர்ட்ஸ் என்ற விடை மனப்பாடம் செய்தவனுக்கும் தெரியும். அதை அளக்க வருமா என்று யாரும் கேட்பதில்லையே. அதோடு, உரிமம் உள்ளவர் மேற்பார்வையில் உரிமம் இல்லாதவரும் வேலை செய்யலாம் என்று விதியே சொல்கிறது. விமானத்துக்கு, விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ-வின் பார்ட் 145 பட்டறை விதிகள் இருக்கின்றன. பயிற்சிப் பதிவு, ஆய்வாளர் கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. ஒரே வேலைக்கு இரண்டு காவல் எதற்கு?

துறைமுகத்தான்: விமானத்துக்கு இரண்டு, சரி. கப்பலுக்கு? ஜி.எம்.டி.எஸ்.எஸ் (கடலில் ஆபத்துக்கு உதவி கேட்கும் உலகளாவிய ரேடியோ ஏற்பாடு) விதிப்படி பராமரிப்புக்கு மூன்று வழி: இரட்டைக் கருவி, கரையில் பராமரிப்பு, கடலிலேயே பழுதுபார்ப்பது. ஏ3 பகுதியில் (கரை ரேடியோவுக்கு எட்டாத, செயற்கைக்கோள் எட்டும் கடலில்) ஓடும் கப்பல் இவற்றில் இரண்டைத் தேர்ந்தால் போதும். பெரும்பாலானோர் முதல் இரண்டைத்தான் எடுக்கிறார்கள். அதாவது, நடுக்கடலில் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார். கரையில் நான் விட்ட பிழை அப்படியே கடலுக்குப் போகும். வேலை முடிந்ததும் பதிவேட்டில் என் பெயரும் உரிம விவரமும் எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். நாளைக்கு ஒன்று நடந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு அந்த ஒரு வரிதான் இருக்கிறது.

கம்பியில்லாள்: இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எஃப்.ஏ.ஏ தரும் ரிப்பேர்மேன் சான்று வேலை கொடுத்த பட்டறையோடு கட்டப்பட்டது. போன ஆண்டு எங்கள் பட்டறையில் ஆட்குறைப்பு. வெளியே வந்ததும் அந்தச் சான்றும் போயிற்று. ஜி.ஆர்.ஓ.எல் வாழ்நாள் உரிமம், என் பெயரில் இருப்பது. அடுத்த நேர்காணலுக்கு அதைத்தான் எடுத்துப் போனேன். நீக்கச் சொல்வது சுலபம். அதில் தொங்கிக்கொண்டிருப்பவர்களையும் கொஞ்சம் நினையுங்கள்.

வானலை: அதை நான் யோசிக்கவில்லை அக்கா. அப்படியென்றால் நீக்க வேண்டாம், செய்முறைத் தேர்வு சேருங்கள். இந்தியாவில் விமானத் துறை ஆணையமான டி.ஜி.சி.ஏ-வின் பி2 (விமான மின்னணுப் பராமரிப்பு) உரிமத்துக்குப் பாடத் தேர்வோடு செய்த வேலையின் பதிவேடும் கேட்கிறார்கள். இங்கே ஜி.எம்.டி.எஸ்.எஸ் பராமரிப்பு உரிமத்துக்கு எலிமெண்ட் 9 என்று இன்னும் 50 கேள்விதான். 38 வந்தால் பாஸ். பழைய கப்பலின் அடையாள எண்ணே நிரலாகி இருக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனை மேசையில் வைத்து, "இதில் என்ன தப்பு?" என்று கேட்க வேண்டாமா? அது தண்ணீரில் கூப்பிட்டால் மீட்புக்காரர்கள் வேறு முதலாளிக்குப் போன் போடுவார்கள்.

துறைமுகத்தான்: இதில் உன்னோடு நிற்கிறேன். ஆனால் தேர்வு நடத்துவது தனியார் தேர்வு மேலாளர்கள். ஒவ்வொருவரும் சர்வீஸ் மானிட்டர், டம்மி லோடு, பீக்கன் சோதனைப் பெட்டி எல்லாம் வாங்கி வைப்பார்களா?

வானலை: பார்ட் 145 விதிப்படி நடக்கும் பட்டறைகளில் ரேடியோ சோதனைக் கருவிகள் இருக்கின்றன. அங்கேயே வைக்கலாமே.

துறைமுகத்தான்: வேலைக்கு எடுக்கிறவரே தேர்வும் வைத்து மதிப்பெண்ணும் போடுவதா? ஆள் பற்றாக்குறை இருக்கும் மாதத்தில் அங்கே யாரும் தோற்க மாட்டார்கள். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து நின்றால் மட்டும் சரி என்பேன்.