லேசர் ஓட்டத்தால் ஜெல்லின் விறைப்பை அளப்பது எப்படி?

நண்பர்களே, ஒரு உதவி. 1455 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை நுண்ணோக்கியில் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப ஓட்டினால், சூடான புள்ளி போகும் திசைக்கு எதிராகத் தண்ணீர் மெல்ல நகரும். சூட்டில் தண்ணீர் விரிவதும் பாகுத்தன்மை குறைவதும் சேர்ந்து செய்கிற வேலை இது. 2018-இல் புழுக் கருவின் செல்லுக்குள்ளேயே இப்படி ஓட்டம் உண்டாக்கிக் காட்டினார்கள்.

இதை வைத்து, மிக நீர்த்த அகரோஸ் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள்) ஜெல்லின் விறைப்பை அளக்கப் பார்க்கிறேன். நகர்வைப் பார்க்க நுண்மணிகளைக் கலந்திருக்கிறேன். தண்ணீரில் அவை போய்க்கொண்டே இருக்கின்றன. ஜெல்லிலோ சற்று நகர்ந்து நின்றுவிடுகின்றன. லேசரை அணைத்ததும் பழைய இடத்துக்கே திரும்புகின்றன. பார்க்க அழகுதான், மீள்தன்மை கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் அதை விறைப்பின் அலகான பாஸ்கலில் எப்படிச் சொல்வது? தண்ணீரில் அளந்த வேகத்திலிருந்து விசையைக் கணக்கிடலாம் என்றால், ஜெல்லின் வலைக்கண் வழியாகவும் நீர் கசிகிறதே!

வெப்பநிலைச் சரிவால் மணிகள் தானாக நகர்வதைப் பிரிக்க, லேசரின் திசையை மாற்றி ஓட்டி, இரண்டு இடப்பெயர்ச்சிகளையும் கழித்துப் பார்க்கிறேன். அது போதுமா? விறைப்பு தெரிந்த பாலிஅக்ரிலமைடு ஜெல்லோடு ஒப்பிடுவதுதான் ஒரே வழியா? ஓட்டத்தை வைத்து அளந்து பழகியவர்கள் சொல்லுங்கள். சராசரிச் சூட்டை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.