சிங்கப்பூரில் பள்ளி கேட்டில் உங்களுக்கு நடந்தது ஏதாவது இன்னும் மனதில் நிற்கிறதா?

ஈசூன் அம்மா

மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் தூக்கத்தில் வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன். மகள் தொடக்கநிலை 1. கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள், கொடுக்கலாம் என்று கிளம்பினேன். முன் கேட்டில் பெயர் எழுத ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பக்கத்துக் கேட்டில் கேண்டீனுக்குச் சாமான் இறக்கும் லாரி, கேட் விரியத் திறந்து கிடந்தது. வேலைக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில் லாரிக்குப் பின்னாலேயே உள்ளே போய்விட்டேன். யாருமே கேட்கவில்லை.

இரண்டாவது மாடிக்கு ஏறும் படியில் ஒரு சீனப் பையன் உட்கார்ந்திருந்தான், ஆறேழு வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் காலை நீட்டி, “ஆன்டி, கென் ஹெல்ப்?” என்றான். ஷூ கயிறு அவிழ்ந்து கழிவறை ஈரத்தில் நனைந்து கறுத்திருந்தது. குனிந்து கட்டிவிட்டேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தேங்க்யூ சொல்லி ஓடிவிட்டான். நான் யார் என்று அவன் கேட்கவில்லை. என் சட்டையில் விசிட்டர் பாஸ் இல்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பாசிரியரும் சிரித்துக்கொண்டே கண்ணாடியை வாங்கிக்கொண்டார், கேட்டில் பதிந்துவிட்டுத்தான் வந்திருப்பேன் என்று நினைத்திருப்பார். அந்தக் கை என் தோளில் இன்னும் இருக்கிற மாதிரி இருக்கிறது. என் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால்?

பழைய கார்டு

தங்கச்சி, நீங்கள் போனது தப்பு, அதைவிடப் பெரிய தப்பு அந்தக் கேட்டில் ஆள் இல்லாதது. சாமான் லாரி வந்தால் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், லாரி போனதும் பூட்ட வேண்டும். நான் ஆறு வருடம் ஒரு தொடக்கப்பள்ளியில் காவலாளியாக நின்றவன். காலையில் இரண்டு பேர் இருப்போம். ஒருவர் சாப்பிடப் போனால் முன் கேட், பின் கேட், தொலைபேசி எல்லாம் மற்றவர் தலையில்தான்.

என்னை அரிப்பது வேறு. ஒரு நாள் ஓய்வு நேரத்தில் ஒரு தகப்பன் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கேக் பெட்டி, மகனுக்குப் பிறந்தநாளாம். மரியாதையாகத்தான் பேசினார். ஆபிசில் கொடுத்திருந்த தாளில் அவர் பெயர் இருந்தது, நீதிமன்ற உத்தரவு, பிள்ளையைப் பார்க்க விடக்கூடாது என்று. எந்தத் தகப்பனிடம் எப்படிச் சொல்வது? “சார், உள்ளே விட முடியாது, கேக்கை வைத்துவிட்டுப் போங்கள்” என்றேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. கம்பி வேலி வழியாகக் கேண்டீன் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பையன் அங்கே நூடல்ஸ் வாங்கும் வரிசையில் நின்றான். அவன் திரும்பிவிடக் கூடாதே என்று நான் இவருக்கும் வேலிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

புங்கோல் அப்பா

அண்ணன் சொல்வது சரி, ஆனால் எல்லா கார்டும் உங்களை மாதிரி இல்லை. போன வருடம் பெற்றோர் சந்திப்புக்குப் போனபோது ஐசி எண்ணை, அதாவது அடையாள அட்டை எண்ணை, முழுசாக ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் எனக்கு முன்னால் வந்த பத்துப் பேரின் எண், கைத்தொலைபேசி எல்லாம் அப்படியே தெரிந்தது. நான் நினைத்திருந்தால் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். 2019 செப்டம்பர் 1 முதல் ஐசி எண்ணைக் கண்டபடி வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறதே. கேட்டேன், “ஸ்கூல் ரூல்” என்று ஒரே வார்த்தை. பாதுகாப்பு என்று சொல்லிவிட்டு நம் விவரத்தைத் திறந்து வைப்பது என்ன பாதுகாப்பு?

பாலர் பள்ளி அக்கா

புங்கோல் அப்பா, நோட்டைத் திறந்து வைத்தது தப்பு, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ஐசியே கேட்கக்கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆள் யார் என்று உறுதியாகத் தெரிய வேண்டிய இடத்தில் கேட்கலாம் என்றுதான் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டியே சொல்கிறது. அதற்கு அவர்கள் கொடுத்த உதாரணத்தில் ஒன்று பாலர் பள்ளிக்கு வரும் பார்வையாளர்தான்.

என் அனுபவம் சின்னது. அடை மழை நாள். ஊரிலிருந்து வந்திருந்த தாத்தா ஒருவர் பேத்தியைக் கூட்டிப்போக வந்தார், பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிள்ளை உள்ளேயிருந்து “தாத்தா!” என்று ஓடி வருகிறாள், நான் கதவைத் திறக்கவில்லை. அம்மா மீட்டிங்கில் இருந்தார், போன் எடுக்க இருபது நிமிடம். அதுவரை பெரியவர் வேட்டி நனைய வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பெற்றோர்களே, தயவுசெய்து இதைச் செய்யுங்கள். வருடத் தொடக்கத்தில் கொடுத்த பட்டியலோடு விட்டுவிடாதீர்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால் அன்றைக்கே பெயரும் படமும் அனுப்புங்கள். வேலைக்காரப் பெண் மாறினால் உடனே சொல்லுங்கள், பழைய பெண்ணின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள், பாதிப் பேர் எடுப்பதே இல்லை. பிள்ளையோடு ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். “அம்மா அனுப்பினாங்க” என்று யார் வந்தாலும் அந்த வார்த்தையைக் கேட்கச் சொல்லிக் கொடுங்கள். பள்ளி விட்டதும் மாணவர் பராமரிப்பு நிலையத்துக்குப் போகும் பிள்ளை என்றால் அங்கேயும் தனியாகப் பட்டியல் கொடுங்கள், பள்ளியில் கொடுத்தது அங்கே தானாகப் போகாது. வாட்ஸ்அப்பில் வெள்ளை வேன், பிள்ளை கடத்தல் என்று குரல் பதிவு வந்தால் உடனே பகிராதீர்கள், பள்ளியைக் கூப்பிட்டுக் கேளுங்கள், உண்மையிலேயே எதையாவது பார்த்தால் போலீசுக்கு 999. 2024 ஜூலையிலிருந்து பாலர் பள்ளிகளில் கேமரா கட்டாயம்தான், ஆனால் கேமரா நடந்ததைத்தான் காட்டும், கதவை நாங்கள்தான் மூட வேண்டும்.

ஓட்டக்காரர்

ஒன்று மட்டும். வார இறுதியில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பள்ளித் திடலில் ஓடுவேன். திடலுக்குத் தனி வாசல், பள்ளிக் கட்டடத்துக்குப் போகும் கேட் எப்போதும் பூட்டியிருக்கும். ஒரு ஞாயிறு அந்தக் கேட் மூடாமல் இருக்க யாரோ செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே மாணவர்கள் நடனப் பயிற்சியில் இருந்தார்கள், இசை கேட்டது. செங்கல்லை எடுத்துவிட்டு கார்டிடம் சொன்னேன். அடுத்த வாரம் அதே செங்கல் அதே இடத்தில்.

தமிழாசிரியர்

நான் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 2016 செப்டம்பரில் பயங்கரவாதத்துக்கு எதிரான எஸ்ஜி செக்யூர் இயக்கம் வந்த பிறகு ‘ஓடு, ஒளி, சொல்’ பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஆபத்தான ஆள் உள்ளே வந்தால் வகுப்பைப் பூட்டிக்கொள்ளும் லாக்டவுன் பயிற்சியும் பழகிவிட்டது. அறிவிப்பு வந்ததும் விளக்கை அணை, கதவைப் பூட்டு, சன்னல் பக்கம் போகாதே, தரையில் உட்கார், சத்தம் கூடாது. தாய்மொழி வகுப்பு சின்ன அறை, அன்று பதினொரு பேர்தான். எண்ணிப் பார்க்கிறேன், பத்து. ஒருத்தி கழிவறைக்குப் போயிருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். “சார், நான்தான் சார், திறங்க சார்.” எங்களுக்குச் சொல்லியிருந்தது, பூட்டிய பிறகு யார் தட்டினாலும் திறக்கக்கூடாது, வெளியே இருக்கும் பிள்ளை பக்கத்தில் இருக்கும் ஒளிவிடத்துக்குப் போக வேண்டும் என்று. அவளுக்கும் அது தெரியும். ஆனால் ஒன்பது வயது. முதலில் சிரித்துக்கொண்டுதான் தட்டினாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அறைக்குள் ஒரு பையன் என் கையைப் பிடித்து, “அவ நம்ம ஃப்ரெண்ட் சார்” என்று கிசுகிசுத்தான். நான் திறக்கவில்லை. வராந்தாவில் நின்ற இன்னோர் ஆசிரியர் அவளை அழைத்துப் போனார், பயிற்சி முடிந்தது, எல்லாம் சரியாகச் செய்தோம் என்று பாராட்டினார்கள். அவள் திரும்பி வந்து இடத்தில் உட்கார்ந்தாள், அந்தப் பாடவேளை முழுக்க என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் செய்தது சரிதான், மறுபடியும் அப்படித்தான் செய்வேன். அப்புறம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் திறக்கவில்லை என்று விளக்கினேன். தலையாட்டினாள்.

கிளமெண்டி

எல்லாரும் கேட்டையே பேசுகிறீர்கள். 2021 ஜூலை 19 நினைவிருக்கிறதா? 13 வயது மாணவன் ஒருவன் பள்ளிக்குள்ளேயே இறந்தான், தாக்கியது 16 வயது மாணவன், அதே பள்ளி. எந்தக் கார்டு, எந்தப் பாஸ் அதைத் தடுத்திருக்கும்? என் மகன் அப்போது உயர்நிலை 2, வேறு பள்ளி. அன்று இரவு அவன் கேட்டது, “அப்பா, என் வகுப்பில் ஒரு பையன் யாரோடும் பேச மாட்டான், நான் யாரிடம் சொல்வது?” எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் வகுப்பாசிரியருக்கு எழுதினோம், பள்ளி ஆலோசகர் அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பேசினார். ஒவ்வொரு பள்ளியிலும் ஆலோசகர் இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

பழைய கார்டு

கிளமெண்டி தம்பி, நீங்கள் சொல்வது முக்கியம், அதற்காகக் கேட் வேண்டாம் என்று ஆகிவிடாது. இரண்டும் வேண்டும். கேட்டில் நிற்பவனுக்குப் பிள்ளைகள் முகம் தெரியும். தினமும் கையாட்டுகிற பிள்ளை நாலு நாளாகத் தலை குனிந்து போனால் முதலில் பார்ப்பது நாங்கள்தான், ஆனால் யாரும் எங்களைக் கேட்பதில்லை. சம்பளம் பரவாயில்லை, 2024 ஜனவரியில் மாதம் குறைந்தபட்சம் 2,650 வெள்ளி என்று ஏற்றினார்கள். ஆனால் கம்பெனி மாறினால் ஆளும் மாறிவிடுகிறார், புது ஆளுக்கு ஒரு முகமும் தெரியாது.

ஈசூன் அம்மா

அண்ணே, அன்றே பள்ளிக்கு எழுதாமல் விட்டேன், என்னைத் திட்டுவார்களோ என்ற பயம். நேற்று நடந்ததைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒன்று கேட்கிறேன், அந்தக் கேக் பையனுக்குப் போய்ச் சேர்ந்ததா?

பழைய கார்டு

ஆபிசில் கொடுத்தேன் தங்கச்சி. பையனின் அம்மாவுக்குப் போன் போட்டார்கள். அதற்குள் கேட்டில் மணி அடித்தது, நான் ஓடிவிட்டேன். பள்ளி விட்டபோது பையன் பையை மாட்டிக்கொண்டு வந்தான், கையில் பெட்டி எதுவும் இல்லை. எப்போதும் போல “பாய் அங்கிள்” சொல்லிவிட்டுப் போனான்.