பூல் கியூ ஷாஃப்ட்டுக்கு மேப்பிள் கட்டை: எதைப் பார்த்து எடுப்பது?

எட்டாம்பந்து (யீஷூன், சிங்கப்பூர்):
வணக்கம். நண்பரின் பட்டறையில் சின்னக் கடைசல் மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது. பூல் கியூவுக்கு (பந்தை அடிக்கும் கோல்) ஷாஃப்ட், அதாவது அதன் மெல்லிய முன்பகுதி, கடைந்து பார்க்க ஆசை. ஆன்லைனில் 1 அங்குலச் சதுரத்தில், 30 அங்குல நீளத்தில் ஹார்டு மேப்பிள் மரக் கட்டைகள் விற்கிறார்கள். பால்வெள்ளை என்றால் இரட்டை விலை, பழுப்புக் கோடு விழுந்தது மலிவு. அங்குலத்துக்கு எத்தனை வளர்ச்சி வளையம் என்று எண்ணச் சொல்கிறார்கள் சிலர். வெள்ளைக்குக் காசு கொடுக்கலாமா?

சுங்கைகாடுட்_தச்சன்:
தம்பி, நிறத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். அந்தக் கோடு தாதுப்படிவு. பார்வைக்குத்தான் குறை, பலத்துக்கு இல்லை.

முதலில் நார் ஓட்டம். பந்தைத் தொடும் முனையில் ஷாஃப்ட் 13 மில்லிமீட்டர்தான். அந்த இடத்தில் நார் பக்கவாட்டில் வெளியேறினால் வளையும், பிளக்கும். மேப்பிளின் துளைகள் மிக நுண்ணியவை, வெறும் கண்ணை நம்ப முடியாது. வளையக் கோடுகள் அகலமாகத் தெரியும் முகத்தில் ஒரு சொட்டு பேனா மை வையுங்கள். மை நாரைப் பிடித்துக்கொண்டு ஊரும். அமெரிக்க பேஸ்பால் மேப்பிள் மட்டைகளில் கைப்பிடியருகே கறுப்புப் புள்ளி இருக்குமே, அது இதே சோதனைதான். அங்கே நார் மட்டையின் நீளத்திலிருந்து 3 டிகிரி சாய்வுக்கு மேல் போகக்கூடாது. நான் அந்த 3 டிகிரிகூட விடமாட்டேன்.

வளையம் எண்ணுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தராசில் வையுங்கள். நன்றாகக் காய்ந்த ஹார்டு மேப்பிள் என்றால் நீங்கள் சொல்லும் அளவுக் கட்டை 350 கிராமை ஒட்டி வரும். ரொம்பக் குறைந்தால் தள்ளிவிடுங்கள். ரொம்பக் கூடினால் ஈரமா என்று சந்தேகப்படுங்கள்.

கருநீலச்சுண்ணம்:
அண்ணே, ஸ்னூக்கர்காரர்கள் கியூவுக்கு ஆஷ் மரம் வாங்கும்போது வளையம் பார்க்கிறார்களே?

சுங்கைகாடுட்_தச்சன்:
ஆஷ் வேறு கதை. அதில் ஒவ்வொரு வளையத்திலும் பெரிய துளைகள் ஒரு பட்டையாக இருக்கும். வளையம் நெருங்க நெருங்க அந்தப் பட்டைகள் கூடி மரம் லேசாகிவிடும், அதனால் ரொம்ப நெருக்கமும் ஆகாது. மேப்பிளில் துளைகள் பரவிக் கிடப்பதால் அந்தக் கணக்கு ஓடாது.

தம்பி, நம்மூரில் மரத்தைவிட ஈரம்தான் வில்லன். சூளையில் 6, 8 சதவீதம் வரை உலர்த்தி வருவது, எச்டிபி அடுக்குமாடித் தாழ்வாரத்தில் திறந்து கிடந்தால் 15 பக்கம் ஏறிவிடும். வந்தவுடன் மெஷினில் ஏற்றாதீர்கள். கியூவை எந்த அறையில் வைக்கப்போகிறீர்களோ அங்கேயே நிமிர்த்தித் தொங்கவிட்டு வாராவாரம் எடை போடுங்கள். எடை அசையாமல் நின்ற பிறகு கொஞ்சம் கடைந்து, சில வாரம் விட்டு, மறுபடி கொஞ்சம். உள்ளிறுக்கம் விடுபடும்போது சில கட்டை கோணிக்கொள்ளும். சூடு காட்டி நிமிர்த்தாதீர்கள், திரும்பவும் கோணும். அதற்குத்தான் தேவைக்கு மேல் வாங்கச் சொல்கிறோம்.

எட்டாம்பந்து:
கடைந்ததும் சீலர் (மரத்துளையை அடைக்கும் பூச்சு) அடித்தால் போதாதா அண்ணே?

சுங்கைகாடுட்_தச்சன்:
அது ஈரம் ஏறுவதைத் தாமதிக்கும், தடுக்காது. அடியுங்கள், ஆனால் காரின் பின்பெட்டியில் கியூவை விடாதீர்கள்.

எட்டாம்பந்து:
சரி அண்ணே. கோடு விழுந்ததிலேயே நாலைந்து கேட்டிருக்கிறேன். படம் அனுப்புகிறார்களாம்.

சுங்கைகாடுட்_தச்சன்:
கட்டையின் வெட்டுமுனைப் படம் மட்டும் அனுப்புவார்கள். பக்கவாட்டு முகம் முழு நீளத்துக்கும் வேண்டும் என்று கேளுங்கள், நார் ஓட்டம் வெட்டுமுனையில் தெரியாது.