பெரியப்பாவின் சுவிஃப்ட் காருக்கு என்ன விலை கொடுப்பது நியாயம்?

கேள்வி: திருமங்கலத்துக்காரன்

வணக்கம். பசுமலையில் இருக்கும் என் பெரியப்பா, கண்பார்வை மங்கிவிட்டதால் இனி வண்டி ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்து, தம்முடைய 2018ஆம் ஆண்டு மாருதி சுவிஃப்ட் பெட்ரோல் காரை என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். விலையைக் கேட்டால் "நீயே பார்த்துக் கொடுப்பா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மறுக்கிறார். வெளியாள் என்றால் பேரம் பேசிவிடலாம். இவர் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். குறைத்துக் கொடுத்தால் பெரியம்மா வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனதில் வைத்துக்கொள்வார். கூட்டிக் கொடுத்தால் என் வீட்டில் பேச்சு வரும்.

டிஎன் 58 பதிவு, ஒரே உரிமையாளர், 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சர்வீஸ் பில்கள் அனைத்தும் ஒரு மஞ்சள் பையில் பத்திரமாக இருக்கின்றன. பைபாஸ் ரோட்டில் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு கார் கன்சல்டிங்கில் இதே மாடலுக்கு 5,10,000 ரூபாய் சொன்னார்கள். அதே இடத்துக்குப் பெரியப்பாவின் வண்டியை நண்பர் மூலம் அனுப்பி, விற்றால் என்ன தருவீர்கள் என்று கேட்டபோது, சுற்றிப் பார்த்துவிட்டு 4,25,000க்கு மேல் ஏற மறுத்துவிட்டார்கள். காப்பீட்டுப் பத்திரத்திலோ வண்டியின் ஐடிவி (காப்பீட்டுக்காகக் குறித்த மதிப்பு) 3,60,000 என்று இருக்கிறது. வாங்கியபோது ஆன்ரோடு விலை ஏழு லட்சத்தை ஒட்டி ஆனதாம். இந்த நான்கு எண்களில் எதைப் பிடித்துக்கொள்வது?

மறுமொழி 1: வில்லாபுரம் கணக்குப்பிள்ளை

முதலில் ஐடிவியை ஒதுக்கிவிடுங்கள். வண்டி திருடுபோனாலோ முற்றிலும் சேதமடைந்தாலோ காப்பீட்டு நிறுவனம் எந்தத் தொகை வரை பொறுப்பேற்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. சந்தை என்ன கொடுக்கும் என்பதைச் சொல்வதில்லை. அதற்கான தேய்மானக் கழிவு அட்டவணைகூட முதல் ஐந்தாண்டுகளுக்குத்தான் உண்டு. முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதத்தில் தொடங்கி, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதத்துக்கு வந்து நிற்கும். அதன்பிறகு நிறுவனமும் வண்டிக்காரரும் ஒத்துக்கொள்ளும் தொகைதான் ஐடிவி. பிரீமியத்தைக் குறைப்பதற்காகவே பலர் அதை இறக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். ஏழு லட்சம் என்பதும் பழங்கதை.

மிஞ்சுவது கன்சல்டிங் சொன்ன இரண்டு விலைகள். இடையிலுள்ள 85,000 ரூபாயில் கடை வாடகை, பாலிஷ், டிங்கரிங், புரோக்கர் கமிஷன், விற்காமல் நிற்கும் வண்டிகளில் முடங்கிய முதலுக்கு வட்டி, அவர்களுடைய லாபம், அந்த லாபத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் அடக்கம். பெரியப்பாவும் மகனும் வீட்டுத் திண்ணையில் பேசி முடிப்பதில் இவற்றில் ஒன்றும் கிடையாது. ஆகவே 4,25,000க்குக் கீழே போனால் அவர் உங்களுக்குத் தானம் செய்கிறார். 5,10,000க்கு மேலே போனால் நீங்கள் அவருக்குச் செய்கிறீர்கள். 5,10,000 என்பதும் வாயால் சொன்ன விலைதானே தவிர முடிந்த விலை அல்ல. கையில் பணத்தோடு உட்கார்ந்தால் இருபதாயிரம் இறங்கக்கூடும் என்று வைத்து, மேல் எல்லையை 4,90,000 என்று கொள்ளுங்கள். அதிலிருந்து வண்டிக்கு உடனடியாகச் செய்தாக வேண்டிய வேலைகளின் செலவைக் கழித்துவிட்டு, வரும் தொகைக்கும் 4,25,000க்கும் நடுவில் நில்லுங்கள். கீழ் எல்லையில் அதை மறுபடி கழிக்கக் கூடாது. வண்டியைப் பார்த்துத்தான் அந்த விலையைச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுமொழி 2: காளவாசல் பட்டறை

கணக்கு சரி. ஆனால் செலவைக் கண்ணால் பார்க்காமல் எழுத முடியாது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே போய் ஸ்டார்ட் செய்யுங்கள். முந்தின நாளே ஓட்டிச் சூடாக்கி வைத்த வண்டி பல குறைகளை மறைத்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1118 என்றால் 2018ஆம் ஆண்டின் 11ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். அப்படியிருந்தால் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) எவ்வளவு மிச்சமிருந்தாலும் நான்கையும் மாற்றிவிடுவது நல்லது. அலைன்மென்ட்டோடு 20,000 ரூபாயை ஒட்டி வரும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். 'கடக்' என்று சத்தம் வந்தால் முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ்ஷைப் பார்க்க வேண்டும்.

வெளியில் வாங்கும் வண்டியென்றால் நான் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். மீட்டரைத் திருப்பி வைத்தார்களோ என்ற பயம் தனி. அந்த இரண்டு பயமும் உங்களுக்கு இல்லையே, அதற்கு ஒரு விலை கிடையாதா? நடு விலைக்கு மேலே ஐந்தோ பத்தோ ஆயிரம் சேர்த்துக் கொடுங்கள். மஞ்சள் பைக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

மறுமொழி 3: மேலூர் வாசகர்

மேலே சேர்க்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 29 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதமானது. வரிக்குறைப்பு முழுவதையும் விலையில் இறக்கினால், ஷோரூம் விலை ஏழு லட்சமாக இருந்த வண்டியில் ஏறத்தாழ 60,000 ரூபாய் குறையும். புதியது இறங்கினால் பழையதும் இறங்கியாக வேண்டும். அதற்கு முன் கேட்ட விலைகளை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், மறுபடி ஒரு நடை விசாரித்துவிடுங்கள். இன்னொன்று: காப்பீட்டில் இருக்கும் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) பெரியப்பாவுக்குச் சொந்தமானதே தவிர வண்டியோடு வராது. பாலிசியில் ஏழெட்டு மாதம் பாக்கி இருக்கிறது என்று அதை விலையில் முழுவதுமாகக் கூட்டிவிடாதீர்கள்.

மறுமொழி 4: திருமங்கலத்துக்காரன்

அனைவருக்கும் நன்றி. இரண்டு விலைகளுமே வரி குறைந்த பிறகு, போன மாதம் கேட்டவை. டயரில் 1018 என்று இருந்தது. இடதுபக்க புஷ்ஷும் போயிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து 27,000 ரூபாய் மதிப்பீடு. ஆக மேல் எல்லை 4,63,000, கீழ் எல்லை 4,25,000, நடு 4,44,000. மஞ்சள் பைக்காக 6,000 சேர்த்து 4,50,000 என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி நீட்டினேன். பெரியப்பா அதைப் பூதக்கண்ணாடியால் வரி வரியாகப் படித்துவிட்டு, "டயருக்கா இருபதாயிரம்?" என்று மட்டும் கேட்டார். பெரியம்மா அந்தத் தாளை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டார்.

ஒரே சிக்கல்: வங்கிக் கடன் 2023இலேயே முடிந்திருந்தும் ஆர்சி புத்தகத்தில் ஹெச்பி (வண்டி வங்கிக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவு) ரத்தாகவில்லை. வங்கியிலிருந்து தடையின்மைச் சான்றும் அந்தப் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உம் வாங்கிய பிறகே, படிவம் 29, 30ஐ வைத்துப் பெயர் மாற்ற முடியும். அதனால் 4,00,000 ரூபாயை வங்கி வழியாகக் கொடுத்திருக்கிறேன். மீதி 50,000 ஆர்சி என் பெயருக்கு வந்த அன்று.