30 ராக் நேரலை எபிசோட்: பார்த்தவர்களுக்குப் பிடித்ததா?

மொட்டைமாடி கேட்டது:

நேரலை நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றைத் தயாரிக்கும் குழுவின் கதையான 30 ராக் என்ற அமெரிக்க சிட்காமை முதல் சீசனிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஐந்தாவது சீசனில் நான்காவதாக வருகிறது 'தி லைவ் ஷோ', முழுக்க நேரலையில் நடித்த எபிசோட். அதே ஆட்கள், அதே பெயர்கள், ஆனால் வேறு ஏதோ ஒரு தொடரில் வந்து நடிப்பது மாதிரி இருந்தது. படத்தின் தோற்றமே மாறிவிட்டது, எல்லாம் பளிச்சென்று, மெகா சீரியல் சாயலில். ஒவ்வொரு வசனத்துக்கும் அரங்கத்தில் சிரிக்கிறார்கள், அவர்கள் சிரித்து முடிக்கும்வரை டீனா ஃபே காத்திருக்கிறார். இந்தத் தொடர் எனக்குப் பிடித்ததே மூச்சு விடாமல் ஓடுவதால்தான், ஒரு ஜோக் புரிவதற்குள் அடுத்தது வந்து போயிருக்கும். அந்த வேகம் இங்கே இல்லை.

ஆனாலும் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. யாராவது வசனத்தை மறந்துவிடுவார்களோ என்று கடைசிவரை ஒரு படபடப்பு இருந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

டிவிடியில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு ஒன்று, மேற்குக் கரைக்கு ஒன்று என இரண்டு பதிப்பு உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். சில ஜோக்குகள் வேறு வேறு. எதற்காக இரண்டு முறை நடித்தார்கள், படம் ஏன் அப்படி மாறியது, அப்போதே டிவியில் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்தது? அப்புறம், வேறு சிட்காம்களில் இந்த முயற்சி இதைவிட நன்றாக வந்திருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எடிட்டிங்மேசை பதில்:

படம் மாறியதற்குக் காரணம் எளிது. 30 ராக் வழக்கமாகச் சினிமா மாதிரி எடுக்கப்படும் தொடர். நியூயார்க் குயின்ஸ் பகுதியில் சில்வர்கப் ஸ்டுடியோவில், ஒரு ஷாட்டுக்கு ஒரு லைட்டிங் வைத்து, நொடிக்கு 24 பிரேமில் எடுப்பார்கள். ரசிகர்கள் யாரும் எதிரே இருக்க மாட்டார்கள். நேரலைக்காக அதை ராக்கஃபெல்லர் சென்டரில் ஸ்டுடியோ 8எச்-க்குக் கொண்டுபோனார்கள். சாட்டர்டே நைட் லைவ் என்ற நேரலை நகைச்சுவை நிகழ்ச்சி நடக்கிற அதே இடம். அங்கே பல வீடியோ கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும், எந்தக் கேமரா எப்போது வந்தாலும் முகம் தெரிய வேண்டும் என்பதால் மேலிருந்து எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் போடுவார்கள், அசைவும் நொடிக்கு 60 தடவை பதிவாகும். நீங்கள் சொன்ன மெகா சீரியல் சாயல் அதனால் வருவது. எழுதியவர்களுக்கும் அது தெரிந்தே இருக்கிறது. குடியை விட்டிருக்கும் ஜாக், எல்லாமே மெக்சிகோ சீரியல் மாதிரி தெரிகிறதே என்று சொல்லும் இடம் ஞாபகம் இருக்கிறதா? அலெக் பால்ட்வின் அதைக் குடியை விட்டவனின் குழப்பமாகவே சொல்லிவிட்டுப் போவார். பார்ப்பவன் மனதில் ஓடுவதைக் கதாபாத்திரமே சொல்லிவிடுகிறது.

இரண்டு முறை நடித்ததற்குக் காரணம் நேர வித்தியாசம். 2010 அக்டோபர் 14, வியாழக்கிழமை. நியூயார்க்கில் இரவு எட்டரைக்கு ஒரு முறை, பிறகு மூன்று மணி நேரம் கழித்துப் பதினொன்றரைக்கு இன்னொரு முறை, அப்போது லாஸ் ஏஞ்சலிஸில் எட்டரை. பதிவை ஒளிபரப்பினால் மேற்குக் கரைக்கு அது நேரலை இல்லையே.

எனக்கு இதில் மிகப் பிடித்தது அந்த ஃப்ளாஷ்பேக்தான். இந்தத் தொடரில் நிமிடத்துக்கு ஒரு தரம் பழைய நினைவு ஒன்று வெட்டிக் காட்டப்படும். நேரலையில் அதை எப்படிச் செய்வது? டீனா ஃபே ஒரு செட்டில் நிற்கும்போதே வேறொரு உடையில் வேறொரு செட்டில் இருக்க முடியாது. அதனால் நினைவுக் காட்சிகளில் மட்டும் டீனா ஃபேயின் பாத்திரமான லிஸ் லெமனாக ஜூலியா லூயி-டிரைஃபஸ் வருகிறார், அதே கண்ணாடி, அதே தலைமுடி. எடிட்டிங் இல்லாத இடத்தில் எடிட்டிங் செய்ய வேண்டிய வேலையை ஒரு நடிகையை வைத்துச் செய்திருக்கிறார்கள். இயக்கியவர் பெத் மெக்கார்த்தி-மில்லர், சாட்டர்டே நைட் லைவை ஆண்டுக்கணக்கில் இயக்கியவர். அவர் கை இல்லாமல் இது நடந்திருக்காது.

எடிசன்வாசி பதில்:

நான் அப்போது நியூ ஜெர்சியில் இருந்தேன், கிழக்குக் கரைப் பதிப்பை அன்றே பார்த்தேன். அலுவலகத்தில் மறுநாள் இதைப் பற்றித்தான் பேச்சு. பாதிப் பேர் ஆகா என்றார்கள், பாதிப் பேர் உங்களை மாதிரியே வேகம் போய்விட்டது என்றார்கள். எனக்கு ஆகா கட்சி. தொடக்கப் பாட்டு வழக்கமாக வெறும் இசை, அன்று ஜேன் கிராகௌஸ்கி வரிகள் போட்டு நேரில் பாடினார், அதிலேயே வீட்டில் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு டிவி முன்னால் வந்துவிட்டோம்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா தெரியவில்லை. டிரேசிக்குக் கொடுத்திருக்கும் கதையே, பழைய கேரல் பர்னெட் ஷோவில் நடிகர்கள் நடுவில் சிரித்து மாட்டிக்கொள்வது பிடித்துப்போய், தானும் நிகழ்ச்சியில் வேண்டுமென்றே சிரிக்கப்போகிறேன் என்று கிளம்புவதுதான். உண்மையிலேயே நேரலையில் நிற்கும் ஒரு நடிகர், நேரலையில் சிரிக்கத் துடிக்கும் ஒரு நடிகராக நடிக்கிறார். டிரேசி மார்கன் வாயோரம் துடிக்கும்போது அது நடிப்பா நிஜமா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. பதிவு செய்த எபிசோடில் இதே காட்சியை வைத்திருந்தால் சாதாரணமாகப் போயிருக்கும். அந்த ஒரு வாயோரத்துக்காகவே இதை நேரலையாகச் செய்தது சரி என்பேன்.

மொட்டைமாடி:

எடிட்டிங்மேசை, ரொம்ப நன்றி. ஃப்ளாஷ்பேக் விஷயத்தை நான் வெறும் சிறப்புத் தோற்றம் என்று நினைத்துப் பார்த்தேன், இப்போது அந்தக் காட்சிகளைத் திரும்பப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. எடிசன்வாசி, டிரேசி பற்றிச் சொன்னது மிகச் சரி. ஆனால் என் மனக்குறை அப்படியே இருக்கிறது. ஜோக்குகளின் எண்ணிக்கை குறைந்தது குறைந்ததுதானே?

மூன்றாம்வரிசை பதில்:

குறையத்தான் செய்யும். கூட்டம் சிரித்தால் நடிகர் நிறுத்த வேண்டும், நிறுத்தாவிட்டால் அடுத்த வசனம் யாருக்கும் கேட்காது. ஒரு சிரிப்புக்கு மூன்று நொடி என்றாலும் இருபத்தொன்று, இருபத்திரண்டு நிமிட எபிசோடில் எவ்வளவு போகும் என்று கணக்குப் பாருங்கள். அதை மனதில் வைத்து எழுதப்பட்ட தொடர்களில் இது பெரிதாகத் தெரியாது. சபா நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும், அங்கே கைத்தட்டலுக்கு இடம் விட்டுத்தான் வசனமே எழுதுவார்கள்.

அதனால் என் வோட்டு வில் அண்ட் கிரேஸுக்கு. 2005 செப்டம்பர் 29, எட்டாவது சீசனின் முதல் எபிசோட், அதுவும் இரண்டு கரைக்கும் இரண்டு முறை. அலெக் பால்ட்வின் அதிலும் இருந்தார். அந்தத் தொடர் எப்போதுமே ரசிகர்கள் முன்னால் பல கேமரா வைத்து எடுத்ததுதான், இயக்குநர் ஜேம்ஸ் பர்ரோஸ்தான் எல்லா எபிசோடுக்கும். வழக்கமான நாளில் ஒரு ஜோக் எடுபடவில்லை என்றால் எழுத்தாளர்கள் அங்கேயே மாற்றிக் கொடுப்பார்கள், திரும்ப எடுப்பார்கள், அதனால் ஒரு எபிசோடை முடிக்கப் பல மணி நேரம் ஆகும். நேரலையில் அந்த வசதி இல்லை, அவ்வளவுதான் மாற்றம். நடிகர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார்கள், கூட்டம் அதற்கும் சேர்த்துச் சிரித்தது. தொடரின் இயல்பு எங்கேயும் கெடவில்லை.

இதைவிடத் துணிச்சலானது ராக் என்று ஒரு தொடர், 30 ராக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஃபாக்ஸில் வந்தது, சார்லஸ் டட்டன் நடித்தது, பால்டிமோரில் குப்பை அள்ளும் தொழிலாளி ஒருவரின் குடும்பக் கதை. 1992 பிப்ரவரியில் ஒரு எபிசோடை நேரலையில் செய்து பார்த்தார்கள், நன்றாக வந்ததும் அடுத்த சீசன் முழுவதையுமே நேரலையாக்கினார்கள். வாராவாரம்! எப்படி முடிந்தது என்றால், முக்கிய நடிகர்களில் மூன்று பேர் பிராட்வே மேடையில் தி பியானோ லெசன் நாடகத்தில் ஒன்றாக நடித்து வந்தவர்கள். தினம் மேடை ஏறியவர்களுக்கு ரீடேக் இல்லாதது ஒரு பொருட்டே இல்லை. இந்தத் தொடரை இன்று யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ரிமோட்என்கையில் பதில்:

எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. நேரலை என்றாலே சேனல்காரர்கள் ஆள் சேர்க்கச் செய்யும் வேலை. அன்டேட்டபிள் என்ற தொடர் மூன்றாவது சீசன் முழுக்க நேரலையில் ஓடியது, நடிகர்கள் கதையை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் சிரிக்க வைப்பதிலேயே குறியாக இருந்தார்கள். 2016-ல் தொடரை நிறுத்தியும்விட்டார்கள். கதை வேண்டும் எனக்கு.

எடிசன்வாசி:

அன்டேட்டபிள் பற்றி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆள் சேர்க்கிற வேலை என்பதால் மட்டும் அது மட்டமாகிவிடாதே. அதில் நடித்தவர்கள் பாதிப் பேர் ஸ்டாண்ட்-அப் ஆட்கள், கலாய்ப்பது அவர்களுக்குத் தொழில். டட்டன் குழு மேடை ஆட்கள், கதையை விடவே இல்லை. யார் நடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

பழையபெட்டி பதில்:

தாமதமாக வருகிறேன். மொட்டைமாடி, ஆறாவது சீசனுக்கு வந்ததும் 'லைவ் ஃப்ரம் ஸ்டுடியோ 6எச்' பார்த்துவிட்டு எழுதுங்கள், 2012 ஏப்ரல் 26-ல் வந்தது. அதில் கதையே இதுதான்: நிறுவனம் செலவைக் குறைக்க நேரலையை நிறுத்தப் பார்க்கிறது, நேரலை ஏன் வேண்டும் என்று டிவி நிறுவன ஊழியன் கென்னத் எல்லோரையும் உட்கார வைத்துப் பழைய நிகழ்ச்சிகளைக் காட்டுகிறான். ஒவ்வொன்றும் ஒரு காலத்து டிவியின் நகல், ஐம்பதுகளின் சிட்காமான ஹனிமூனர்ஸ் மாதிரி ஒன்று கூட உண்டு. இளவயது லிஸ்ஸாக ஏமி போலர். கிழக்குக் கரைக்கு பால் மெக்கார்ட்னி, மேற்குக் கரைக்கு கிம் கர்தாஷியன். முதல் எபிசோடில் உங்களுக்கு உறுத்திய அரங்கச் சிரிப்பும் வீடியோ தோற்றமும் இங்கே உறுத்தாது, ஏனென்றால் கதையே அந்தக் காலத்து டிவி பற்றியது.

அந்தக் காலத்தில் இது விசேஷமும் இல்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் நியூயார்க் டிவி பெரும்பாலும் நேரலைதான். 1951-ல் ஐ லவ் லூசி ரசிகர்கள் முன்னால் மூன்று கேமரா வைத்துப் ஃபிலிமில் எடுக்கத் தொடங்கியது, மறு ஒளிபரப்பில் காசு வரும் என்று தெரிந்ததும் மற்றவர்களும் அந்தப் பக்கம் போனார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த எபிசோடுகளில் சிலவற்றில் முகத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி நடிக்கும் காட்சிகள் உண்டு. 2020-ல் டீனா ஃபேயும் தயாரிப்பாளர்களும் கேட்டுக்கொண்டதால் அப்படிப்பட்ட நான்கு எபிசோடுகள் ஸ்ட்ரீமிங்கிலிருந்து எடுக்கப்பட்டன. எடுத்தது சரி என்றே நினைக்கிறேன், கேலி செய்யத்தான் வைத்தார்கள் என்றாலும் பார்க்க வலிக்கிறது. அதனால் எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றால் குழம்ப வேண்டாம்.

அப்புறம் நேரலைத் தப்பு பார்க்க ஆசை என்றால் 2019 மே 22. ஏபிசி சேனலில் ஆல் இன் த ஃபேமிலி, தி ஜெஃபர்சன்ஸ் இரண்டிலும் பழைய எபிசோடு ஒவ்வொன்றை எடுத்து, புது நடிகர்களை வைத்து நேரலையில் நடித்தார்கள். அதற்கும் ஜேம்ஸ் பர்ரோஸ்தான். ஜார்ஜ் ஜெஃபர்சனாக நடித்த ஜேமி ஃபாக்ஸ் ஒரு வசனத்தில் நாக்குப் பிசகி நின்றார், சமாளிக்காமல், இது நேரலை, வீட்டில் இருப்பவர்கள் டிவி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள் என்று அப்படியே சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைப் பாருங்கள், ஒருவராலும் சிரிப்பை விழுங்க முடியவில்லை. பிறகு கதவு திறந்து மார்லா கிப்ஸ் வருகிறார், பழைய தொடரில் வேலைக்கார ஃபிளாரன்ஸாக நடித்த அதே அம்மா, அதே பாத்திரத்தில். கூட்டம் கத்திய கத்தலில் அவர் சற்று நேரம் பேசவே முடியவில்லை.

மொட்டைமாடி:

மார்லா கிப்ஸ் வருவதை இப்போதுதான் தேடிப் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. ராக் தொடரின் நேரலை சீசன் எங்காவது முழுதாகக் கிடைக்கிறதா, மூன்றாம்வரிசை? ஒரு எபிசோடாவது போதும்.