ஊட்டி பின்கோடு 643001 பகா எண்ணா?

கேத்திக்காரர்:
2, 3, 5 மூன்றாலும் வகுபடலை. வர்க்கமூலம் 801-க்கு மேல போகுது. அதுவரைக்கும் எல்லாப் பகா எண்ணையும் போட்டுப் பார்க்கணுமா?

லவ்டேல்:
வேண்டாங்க, இது பகு எண்தான்: 61 × 83 × 127.

மும்மூணு இலக்கமா வெட்டுங்க: 643, 001. கழிச்சா 642. 7 × 11 × 13 = 1001; 642 இந்த மூணாலயும் வகுபடாது, அதனால மூணும் ஒரே வீச்சில் கழிஞ்சது. கூட்டினா 644; 999 = 27 × 37, 644 37-ஆல வகுபடாது, அதனால 37-உம் போச்சு. மிச்சத்தை 17-லிருந்து வகுத்துட்டே போனா 61-ல மீதி 0, ஈவு 10541. பல பேர் இதைப் பகா எண்ணுன்னு நினைச்சு இங்கேயே நிறுத்திடுவாங்க. அதோட வர்க்கமூலம் 102-க்குச் சற்று மேல். 61 முதல் 101 வரை பார்த்தா போதும், 83-ல விழுந்துடும்.

பைக்காரா:
4-ஆல் வகுத்தா மீதி 1. அதனால இரண்டு வர்க்கங்களோட கூட்டலா எழுதலாம்னு ஆசை வரும். நடக்காது. 4-ஆல் வகுத்தா மீதி 3 வர்ற பகாக் காரணி ஒவ்வொண்ணும் இரட்டைப்படைத் தடவை வந்தாத்தான் அப்படி எழுத முடியும். 83, 127 ரெண்டுக்குமே 4-ஆல் வகுத்தா மீதி 3, ரெண்டும் ஒரே ஒரு தடவைதான் வருது. வகுத்திகள் 8; கூட்டுத்தொகை 62 × 84 × 128 = 666624.

கேத்திக்காரர்:
நன்றிங்க. குன்னூர் 643101?

லவ்டேல்:
இலக்கங்களைக் கூட்டினா 15. மூணாலேயே வகுபடும்.